காதால் பார்த்த படங்கள்

கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகும் பகல் பஸ்ஸில் டிவி முன் கண்ணாடிக்கு மேலே, பயணிகளைப் பார்த்தபடி பூட்டப்பட்டிருந்தது. சாரதி ஆசனத்தில் இருப்பவனுக்குத் தெரிவது அதன் கறுப்பு முதுகும் அதிலிருந்து தொங்கும் இரண்டு வயர்களும்தான். அதாவுல்லா அந்த ஆசனத்தில் இருந்துகொண்டு வருஷக்கணக்காகப் படங்களைக் கேட்டு வந்தான். ஒன்றையும் பார்த்ததில்லை.

கேட்டே அவனுக்குப் படங்களைப் பற்றி உறுதியான அபிப்பிராயங்கள் உண்டாகியிருந்தன. அடிதடிப் படங்களில் எல்லா அடிக்கும் ஒரே சத்தம், ஈரச் சாறனைக் கல்லில் அடிக்கிற மாதிரி. வில்லன் சிரித்துக்கொண்டு நீளமாகக் கதைக்கத் தொடங்கினால் அவன் கதை முடியப்போகிறது என்று அர்த்தம். கார்கள் துரத்திக்கொண்டு ஓடும் இடங்கள்தான் அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. "மேல மேல கியர் மாத்திட்டே போறான் பாரு. அந்தக் கார்ல கியர் முடியிறதே இல்லயா?" என்று நடத்துநர் ஸிராஜிடம் கேட்பான். பென் டிரைவில் படங்களை நிரப்பிக்கொண்டு வருவது ஸிராஜின் வேலை. அவனுக்குக் குண்டு வெடித்தால் போதும்.

அதாவுல்லாவுக்கு ஊர் நிந்தவூர். மனைவி பரீனா மௌத்தாகி அடக்கப்பட்ட பிறகு, அவளுடைய சீதன வீட்டில் மகளும் மருமகனும் குடியிருந்தார்கள். அவன் தன் அக்கா, ராத்தா நஸீறாவின் வீட்டில் ஒரு அறையில் இருந்தான். பஸ், படுக்கை, மறுபடி பஸ். அதில் குறை இருப்பதாக அவன் நினைத்ததும் இல்லை.

ஜுனைதா முதன்முதலில் வாய் திறந்தது மகாஓயா தாண்டிய ஒரு நேரத்தில். அவள் மருதமுனைக்காரி. அவள் நாநா என்று கூப்பிடும் அண்ணனுக்குக் கைத்தறித் தொழில். சாறன்களையும் சாரிகளையும் கொழும்புக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, நாநாவின் மனைவி நாச்சியாவோடு மாதத்தில் இரண்டொரு வியாழக்கிழமை வருவாள். இரண்டு பேரும் சாரதிக்குப் பின்னால் இருக்கிற முதல் சீற்றில் இருப்பார்கள். பயணத்தில் வாந்தி வராமலிருக்க நாச்சியா குளிசை ஒன்றை விழுங்குவாள், அம்பாறை வருவதற்குள் தலை சாய்ந்துவிடும்.

அன்றைக்கு ஓடிய படம் அந்த பஸ்ஸில் ஏற்கனவே பலமுறை ஓடியதுதான். பெரிய வெடிச்சத்தம், ஒரு பெண்ணின் அலறல், அதன் பிறகு புல்லாங்குழலும் அழுகையும்.

"இந்தப் பொம்பிளய ஒவ்வொரு தரமும் கொல்றானுகள். பாவம்" என்றான் அதாவுல்லா, ஸிராஜைப் பார்த்து.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அவ மௌத்தாகல்ல காக்கா. பாலத்துக்குக் கீழ கம்பியப் புடிச்சிட்டுத் தொங்கிட்டு இரிக்கா."

அதாவுல்லா திடுக்கிட்டுப் போனான். எத்தனை வருஷமாக அவளுக்காக மனதுக்குள் இன்னாலில்லாஹி சொல்லியிருக்கிறான்!

"அப்ப ஆர் அழுற?"

"அவட தம்பி. அவனும் உங்களப் போல, தெரியாமத்தான் அழுறான்."

ஸிராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். அதாவுல்லாவுக்கும் சிரிப்பு வந்தது. "தங்கச்சி, அப்ப அவ எப்ப மேல வாறா?" என்று கேட்டான். அவள் சொல்லத் தொடங்கினாள். மஹியங்கனையில் தேநீருக்கு நிறுத்தும்வரை சொன்னாள்.

அதற்குப் பிறகு ஜுனைதா வருகிற நாட்களில் அவனுக்குப் படங்கள் கண் திறந்தன. மிச்சப் பயணிகளுக்குக் கேட்காத குரலில் அவள் சொல்லிக்கொண்டு வருவாள். இப்ப ஒரு மலை, வெள்ளவெளேரெண்டு. இப்ப ஒரு சந்து, துணி காயப் போட்டிரிக்கி. இந்த ஆளுக்கு முகத்தில வெட்டு, ஆனா கண் நல்ல கண். அவன் பாதையிலிருந்து பார்வையை எடுக்காமல் கேட்பான். இடைக்கிடை தன் அபிப்பிராயத்தைச் சொல்வான். அவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"துவக்க நெத்தியில வெச்சிட்டு இவ்வளவு கதைக்கிறவன் எப்பிடி உருப்படுவான்?" என்றான் ஒருநாள். "சுட்டுப்போட்டு வீட்ட போறத விட்டுட்டு, என்னத்துக்கு இந்த விளக்கம்?"

"அவனுக்கும் கதைக்க ஒரு ஆள் வேணுமே காக்கா. அவ்வளவு பெரிய மாளிகையில அவன்ட கதயக் கேக்க ஆரிரிக்கா? எல்லாரும் ஓம் பொஸ், ஓம் பொஸ் எண்டுட்டுப் போறானுகள். கதாநாயகன் ஒருத்தன்தான் நிண்டு கேக்கிறான்."

அதாவுல்லாவுக்கு அந்த வில்லன்மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது.

அவளுக்கு அடிதடி அவ்வளவாகப் பிடிக்காது. "எங்கயாவது போற படம் எண்டாத்தான் எனக்கு விருப்பம்" என்பாள். காடு, பனி, பாலைவனம், கப்பல். புதையலைத் தேடிப் போகிறவர்கள். தொலைந்துபோன நகரத்தைத் தேடிப் போகிறவர்கள்.

"போய் என்ன எடுத்தானுகள்?" என்றான் அதாவுல்லா. "கடைசியில அந்தப் புதையல் தண்ணிக்குள்ளதான் போகுது. எல்லாப் படத்திலயும் கேட்டுட்டன், குபுகுபு எண்டு."

"எடுக்கோணும் எண்டு ஆர் சொன்ன? போறாங்களே, அது காணும்." பிறகு சொன்னாள்: "ஆனா ஒண்டு, வெளிக்கிடுறதக் காட்டமாட்டாங்க. வரைபடத்தப் பாக்கிறாங்க, அடுத்ததா ஒட்டகத்தில இரிக்காங்க. நமக்கு ஒரு கொழும்புக்குப் போறதெண்டா எத்தின பேரிட்டக் கேக்கோணும்."

"தேத்தண்ணி குடிக்கிறதையும் காட்டமாட்டானுகள்" என்றான் அவன். "நானும் எத்தின படம் கேட்டுட்டன். இவ்வளவு தூரம் போறானுகள், ஒருத்தனாவது நிண்டு ஒரு பிளேன்டி குடிச்ச சத்தம் கேக்கல்ல."

அவள் சிரித்தாள். உரத்த சிரிப்பு. நாச்சியா தூக்கத்தில் புரண்டு அவள் தோளில் மறுபடி சாய்ந்தாள்.

அதாவுல்லா அவளைச் சரியாகப் பார்த்தது கிடையாது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவள் முக்காட்டின் ஓரம் தெரியும். அதற்கு மேல் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. படங்களைப் போலவே அவளையும் அவன் காதால்தான் அறிந்தான். வியாழக்கிழமைகளில் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கல்முனை பஸ் நிலையத்துக்கு வந்து, முதல் சீற்றைத் தானே துணியால் துடைத்துவைக்கத் தொடங்கினான். ஸிராஜிடம், "இண்டைக்குப் போற படம் ஒண்டு போடு" என்பான்.

"போற படமா? எங்க போற?"

"எங்கயாவது. பனி, மலை, அப்பிடி."

பின்வரிசைப் பயணிகள் சண்டைப் படம் கேட்டுக் கூச்சலிட்டால், சண்டைப் படம் இருக்கிற பென் டிரைவ் பழுதாகிவிட்டது என்று ஸிராஜ் பொய் சொல்லவேண்டியிருந்தது.

எப்போதிலிருந்து என்று அவனுக்குத் தெரியாது, ஆனால் ஒருநாள் கவனித்தான்: அவள் அண்ணன் முறையில் 'காக்கா' என்று சொல்வதை விட்டிருந்தாள். யோசித்துப் பார்த்தால் அவனும் 'தங்கச்சி' என்று கூப்பிட்டுப் பல நாளாகிவிட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எப்படியும் கூப்பிடாமலே, "இஞ்ச கேளுங்க", "பிறகென்ன நடந்த?" என்று சமாளித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவன் மஹியங்கனை தாண்டிய மலைப்பாதையின் பதினெட்டு வளைவில் ஏறும்போது கியரைத் தவறாகப் போட்டான்.

அந்த வளைவுகளில்தான் அவள் தன் கதையையும் சொன்னாள். படத்தில் கதாநாயகன் உலகத்தைக் காப்பாற்றப் போகும்போது மனைவி வாசலில் நின்று வழியனுப்பினாள்.

"இந்த இடம்தான் எனக்குக் கோவம் வாற இடம்" என்றாள் ஜுனைதா. "துவக்கத்தில ஒரு தரம் வாசல்ல நிப்பா. முடிவில ஓடிவந்து கட்டிப்புடிப்பா. நடுவில அந்தப் பொம்பிள எங்க இருந்தா, என்ன திண்டா, கேக்கிற சனத்துக்கு என்ன செல்லிச் சமாளிச்சா, ஒண்டும் காட்டமாட்டாங்க."

"அதக் காட்டினா படம் ஓடாதே."

"ஓடாதுதான்." பஸ் ஒரு வளைவைத் தாண்டியது. "என்ட மனிசன் ஜித்தாவுக்குப் போனவர். முந்தி டெலிபோன் கோல் எடுத்தவர், பிறகு அதுவும் இல்ல. அங்க வேற குடும்பம் இரிக்காம் எண்டு போய்வந்த ஆக்கள் செல்றாங்க. அவர் செல்லல்ல. என்ன தலாக் செல்லி விடவும் இல்ல."

எதிரே லொறி ஒன்று இறங்கி வந்தது. அதாவுல்லா ஒதுக்கி நிறுத்தி அதற்கு வழிவிட்டான். லொறி போன பிறகும் சற்று நேரம் அப்படியே நின்றான். அவள் மறுபடி படத்தைச் சொல்லத் தொடங்கினாள்.

நோன்புப் பெருநாள் முடிந்து வந்த வியாழக்கிழமை அவள் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. துடைத்துவைத்த சீற்றில் வேறு யாரோ இருந்தார்கள். அதாவுல்லா மறுபடி கேட்க மட்டும் செய்தான். கதவு உடைந்தது, கண்ணாடி உடைந்தது, யாரோ ஓடினார்கள். யார், எங்கே, என்ன நிறத்து வானத்தின் கீழ் என்று தெரியவில்லை. முன்பெல்லாம் அந்தச் சத்தங்களே போதுமானதாக இருந்தன. இப்போது ஒவ்வொரு சத்தத்துக்கும் பிறகு அவன் காது பின்னால் போய் நின்றது. மழை பெய்யும் சத்தம் கேட்டால், அந்த மழையில் யார் நனைகிறார் என்று அவள் சொல்லவேண்டும்போல இருந்தது.

ஒருநாள் நாச்சியா மட்டும் சாறன் மூட்டைகளோடு வந்து ஏறினாள். மஹியங்கனையில் மற்றவர்கள் தேநீருக்கு இறங்கியதும் அவள் ஆசனத்தை விட்டு எழும்பாமல் சொன்னாள்:

"ஜுனைதா இனி வரமாட்டா. பஸ்ல வந்த ஆரோ ஒருத்தன் எங்கட மனிசன்ட காதில போட்டுட்டான். உங்கட தங்கச்சி டிரைவரோட கொழும்பு வரைக்கும் கதைச்சிட்டுப் போறா எண்டு."

அதாவுல்லா திரும்பாமலே சொன்னான்: "அல்லாஹ் மேல ஆணையா, படக் கதையத் தவிர ஒண்டும் கதைக்கல்ல."

"எனக்குத் தெரியாதா? குளிசைக்கு என்ட கண்தான் நித்திரை. காது நித்திரையில்ல." நாச்சியா முக்காட்டைச் சரிசெய்தாள். "அவ சிரிச்சு எத்தின வருசம் தெரியுமா? வீட்டில சிரிக்கிறல்ல. இந்த பஸ்லதான் சிரிச்சா. அதனாலதான் நானும் எழும்பல்ல."

ஸிராஜ் தேநீர்க் கோப்பையோடு வருவது தெரிந்தது. நாச்சியா அவசரமாக, "பஸ்ல கதைக்கிறது பிழையெண்டா, வீட்ட ஆள் அனுப்பிக் கதைக்கிற முறை ஒண்டு இரிக்குத்தானே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வார்த்தையை அவன் பல நாள் சுமந்து திரிந்தான். தான் யார், ராத்தா வீட்டு அறையில் படுக்கிறவன், மகளைக் கட்டிக்கொடுத்தவன், ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகிறவன். அவள் வேறொருவனின் மனைவி, பேருக்காவது. எந்த வாயால் கேட்பது?

ஒரு ஜும்ஆ நாள் தொழுகை முடிந்து வந்து, ஸிராஜிடம் கேட்டு வாங்கிய பென் டிரைவை நஸீறா வீட்டு டிவியில் செருகினான். அவள் கடைசியாகச் சொன்ன படங்களில் ஒன்று அதிலிருந்தது. பனிமலையில் காணாமல்போன விமானத்தைத் தேடி நாலைந்து பேர் போகிற கதை. அதாவுல்லா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தான். நஸீறா பக்கத்தில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

கதாநாயகனைக் கண்டதும் அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்தக் குரலுக்கு அவன் நினைத்திருந்தது பெரிய ஆள். இவன் ஒடிசலாக, தாடியும் அரைகுறையாக இருந்தான். மலையும் அவள் சொன்ன அளவுக்கு வெள்ளை இல்லை, சாம்பல் பூத்திருந்தது. ஆனால் அதெல்லாம் போகட்டும். அவன் காத்திருந்தது ஓர் இடத்துக்காக. உச்சிக்குக் கிட்டப் போனதும் அவர்கள் எல்லோரும் பையை இறக்கிவைத்து, பனியை உருக்கி, தகரக் குவளையில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக்கொண்டு கீழே தெரிகிற உலகத்தைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜுனைதா சொல்லியிருந்தாள். அவன் நூறு தரம் மனதில் அதைப் பார்த்திருக்கிறான். அதில் கிழவன் ஒருவனுக்குக் கை நடுங்கும், பெண் அவனுக்குக் குவளையைப் பிடித்துக்கொள்வாள்.

அவர்கள் உச்சிக்குக் கிட்டப் போனார்கள். உடனே பனிச்சரிவு வந்தது. எல்லோரும் ஓடினார்கள்.

அதாவுல்லா ரிமோட்டை எடுத்துப் பின்னுக்கு ஓடவிட்டான். மறுபடி பார்த்தான். மறுபடியும் பின்னுக்கு ஓடவிட்டான்.

"என்ன தேடுறாய்?" என்றாள் நஸீறா.

"தேத்தண்ணி."

"அடுப்பில இரிக்கி. வேணுமா?"

"அதில்ல ராத்தா. இதுக்குள்ள தேத்தண்ணி குடிச்சவங்க. நிண்டு, ஆறுதலா."

படம் முடிந்தது. தேநீர் இல்லை. கிழவனின் கை நடுங்கவில்லை. அப்படியொரு கிழவனே அந்தக் கூட்டத்தில் இல்லை. ஓடுகிறவர்களுக்கு நடுவில், எங்கோ ஒரு மலையில், அவனுக்காக அவள் ஆட்களை நிறுத்தி உட்காரவைத்து அடுப்பு மூட்டியிருக்கிறாள். அதாவுல்லா முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டான். நஸீறா பயற்றங்காய்ச் சுளகைக் கீழே வைத்துவிட்டு, "ஆரடா அது?" என்று கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

அடுத்த திங்கட்கிழமை நஸீறா நல்ல சாரியை உடுத்து, மகனின் ஆட்டோவில் மருதமுனைக்குப் போனாள். பின்னேரம், அசர்த் தொழுகைக்குப் பிறகுதான் திரும்பி வந்தாள். அதாவுல்லா வாசலிலேயே நின்றான்.

"நாநாக்காரன் முதல்ல துள்ளினான். நாச்சியாதான் கதிரையில இருத்தின" என்றாள் நஸீறா, செருப்பைக் கழற்றியபடி. "புருசன் விடாம இரிக்கிற பொம்பிளைக்குச் சம்பந்தம் கதைக்கிறது ஹறாம் எண்டான். நியாயம்தானே எண்டு நானும் எழும்பப் பாத்தன். அப்பதான் அவ உள்ளுக்கிருந்து கதைச்சா."

"என்ன செல்லின?"

"உனக்கு ஒண்டும் செல்லல்ல. நாநாவிட்டத்தான் செல்லின. 'இவ்வளவு காலமும் என்னத்துக்கு எண்டு இருந்தன். நாளைக்கு என்னக் காதி நீதவானிட்டக் கூட்டிட்டுப் போங்க. நான் பஸ்ஹு கேக்கப் போறன்' எண்டா. அவ்வளவுதான். பிறகு நாநாவும் ஓம் எண்டான்."

கைவிட்டுப் போன கணவனிடமிருந்து பெண் தானே கேட்டு வாங்கும் விடுதலை அது. கேட்பது லேசு, கிடைப்பதுதான் நீளும். ஜித்தாவுக்கு அறிவித்தல் போனது, பதில் இல்லை. சாட்சி வரவேண்டும் என்றார்கள், வழக்குத் தவணையைத் தள்ளினார்கள். ஒரு தவணைக்கு நீதவானுக்குச் சுகமில்லை. விடுதலை கிடைத்து, மறுமணத்துக்கு முன் காத்திருக்கவேண்டிய இத்தாக் காலமும் முடியும்வரை ஒரு பேச்சும் இல்லை, ஒரு பார்வையும் இல்லை என்று நாநா கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அதாவுல்லாவும் அதுதான் சரி என்றான். மருதமுனைப் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்கவில்லை. தொழுகையில் கை ஏந்தும்போது மட்டும் அவள் பெயர் வந்துவிடும்.

சாறன் மூட்டைகளோடு நாச்சியா தனியாக வந்துகொண்டிருந்தாள். மழைக்காலம் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை, குளிசை போடாமல் வந்தவள், படம் தொடங்கியதும் தொண்டையைச் செருமினாள்.

"ஒருத்தன் ஓடுறான்" என்றாள்.

அதாவுல்லாவுக்கு விளங்கவில்லை. "என்ன?"

"படம். அவதான் செல்லச் சொன்ன. இருட்டில கேட்டுட்டு வாறாராம், பாவமாம். இப்ப இன்னொருத்தனும் ஓடுறான்."

"எங்க ஓடுறானுகள்?"

"ரோட்டில."

"எப்பிடி ரோட்டு? ஊரா, காடா?"

"ரோட்டு எண்டா ரோட்டுத்தான். இஞ்ச, ஒருத்தன் விழுந்திட்டான். எவனெண்டு தெரியா, ரெண்டு பேரும் ஒரே சேட்டுப் போட்டிரிக்கானுகள்."

ஸிராஜ் வாயைப் பொத்திக்கொண்டு கதவுப் படியில் திரும்பி நின்றான். அதாவுல்லா சிரிக்கவில்லை. நாச்சியா சொன்ன ஒவ்வொன்றையும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தான். அந்த மொட்டைச் சொற்களுக்குப் பின்னால், மருதமுனையில் ஒரு வீட்டில் இருந்துகொண்டு அவள் தன்னை நினைத்திருக்கிறாள் என்பது அவனுக்குக் கேட்டது.

கண்டியைத் தாண்டும்போது நாச்சியாவுக்குப் படம் அலுத்துவிட்டது. "அடுத்த தவணை தை மாசம் வெச்சிரிக்காங்க. இந்தத் தரம் முடியும் எண்டுதான் செல்றாங்க" என்றாள்.

"இன்ஷா அல்லாஹ்."

"முடிஞ்சு எல்லாம் சரிவந்தா அவக்கு முதல்ல எங்க போகோணுமாம் தெரியுமா? நுவரெலியாவுக்காம். வாய் திறந்தா புகை வருமாமே, அந்தக் குளிரப் பாக்கோணுமாம். நான் கேட்டன், அதுக்கு ஏன்டி இவ்வளவு பாடு எண்டு."

பேராதனைச் சந்தி வந்தது. கம்பளை வழியாக நுவரெலியாவுக்குப் போகும் பாதை அங்கே இடப்பக்கம் பிரிகிறது. எத்தனையோ வருஷம் அதாவுல்லா அந்தச் சந்தியைக் கடந்திருக்கிறான். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததும் இல்லை. மழையில் கறுத்துக் கிடந்த அந்தப் பாதையில் ஒரு வெள்ளை வான் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின் கண்ணாடியில் யாருடைய கையோ ஆவியைத் துடைத்தது.

பஸ்ஸின் வேகம் குறைந்தது ஸிராஜுக்குத் தெரிந்தது. "என்ன காக்கா, ஆரும் இறங்கிறாங்களா?"

"இல்ல" என்றான் அதாவுல்லா. பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்தது. அவன் கியரை மாற்றி, நேரே கொழும்பை நோக்கி விட்டான்.